கம்புக்கு எதிரே தம்பி

தராசுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்... கூடவே கம்பின் தூசி வாசனை. மூக்கு அரிக்கும், தும்மல் முட்டிக்கொண்டு வரும். ஆனால் தும்மக் கூடாது. தட்டில் தம்பி படுத்திருப்பான்.

தோழிகளே, காலேஜை விட்டபோது நாம் ஐந்து பேரும் ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுதி அனுப்புவதாகத் தொடங்கிய இந்த நோட்டு, தபாலில் என்னிடம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குக் காரணம் என் மடியில் கிடக்கும் கைக்குழந்தை. இவன் சரியாகப் பால் குடிக்கிறானா என்ற கவலையில் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. அந்தக் கவலைதான் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

அப்போது எனக்கு ஏழு வயது, தங்கை பொன்னுவுக்கு ஐந்து. தம்பி எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். உரித்த கோழிக்குஞ்சு போல இருந்தான். "ஒரு மாசம் தாண்டட்டும், பொறவு பாக்கலாம்" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் 'பொறவு' என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கண்ணால் பார்த்துக் கவலைப்படுவது அவளுக்குப் பிடிக்காது. அளந்து பார்க்க வேண்டும்.

தம்பிக்கு உறிஞ்சத் தெம்பில்லை. அம்மா பாலைப் பீச்சி, மூக்குள்ள சின்னக் கிண்ணமான பாலாடையில் புகட்டுவாள். ஒவ்வொரு பாலாடைக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கலயத்தில் போடுவது பொன்னுவின் வேலை. பதினாறு கொட்டை சேர்ந்தால் ஓர் ஆழாக்கு. முதலில் எங்களைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்க்கவைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கச் செய்தாள். தம்பி கடைவாயில் வழியவிட்டதையும் சேர்த்து எண்ணிப் பொன்னு ஏமாற்ற முடியாது.

"வாயில ஊத்துனத எண்ணாதட்டி... உள்ள போனத எண்ணு" என்பாள் அம்மா.

எடை பார்ப்பதுதான் பெரிய பாடு. பக்கத்து வீட்டுப் பாத்திமாக்கா வீட்டில் தானியக் கடை. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடை சாத்தும் நேரத்தில் தராசு சும்மா இருக்கும். அம்மா போய்க் கேட்டாள்.

"ஏட்டி லச்சுமி, பிள்ளையப் போயி யாராச்சும் நிறுப்பாவளா? கண்ணு பட்டுரும்லா!"

"எடைக்கல்லுக்கு எதிரா வைக்க மாட்டேன்க்கா. கம்புக்கு எதிரா வைக்கேன். பொறவு கம்பத்தான நிறுக்கப்போறேன், பிள்ளைய இல்லையே."

பாத்திமாக்கா சிரித்துவிட்டார். "ஒன்னையக் கோர்ட்டுல வக்கீலாப் போட்டிருக்கணும்... செத்த நேரந்தான், அவிய தொழுதுட்டு வந்துருவாவ."

ஒரு தட்டில் துணியோடு தம்பி. மறு தட்டில் நான் கைப்பிடி கைப்பிடியாகக் கம்பு போடுவேன். முள் நடுவுக்கு வந்ததும் தம்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எடைக்கல். நாற்பது பலம் சேர்ந்தால் ஒரு வீசை. முதல் வாரம் கம்பு ஐம்பத்தொன்பது பலம் வந்தது. துணி ஒன்பது. கழித்தால் தம்பி ஒரு வீசை பத்துப் பலம், நான்கு பவுண்டுகூட இல்லை. அந்தக் கழித்தலை அம்மா எங்கள் வாயால்தான் சொல்ல வைப்பாள். அவளாக ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டாம் வாரம் ஒரு பலம் குறைந்தான். மூன்றாம் வாரம் அப்படியே நின்றான். அம்மா சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

நான்காம் வாரம் ஐப்பசி மழை. முள் நிமிர்ந்தது, கல்லை எண்ணினேன்... ஐந்து பலம் ஏறியிருந்தான்! அம்மா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. மடியில் முடிந்திருந்த பனங்கற்கண்டைப் பாத்திமாக்காவுக்குக் கொடுக்க அவர் வீட்டு அடுக்களைப் பக்கம் ஓடினாள்.

நான் தம்பியைத் தூக்கினேன். அவன் முதுகுக்கடியில் இன்னொரு துணி. குளிருமே என்று நான்தான் மடித்து வைத்திருந்தேன். தனியாகத் தட்டில் போட்டுப் பார்த்தேன். ஐந்து பலம். சரியாக ஐந்து.

தம்பி ஏறவே இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அம்மா சிரிக்கும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது... ஆனாலும் போய்ச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா கையிலிருந்த கற்கண்டை மெதுவாகக் கீழே வைத்தாள். அடிக்கவில்லை. "மறுபடி நிறு" என்றாள். நிறுத்தோம். அதே பழைய எடை. தம்பியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு என் தலையில் கை வைத்தாள்.

"நல்லவேளை சொன்ன. ஏறிட்டான்னு நெனச்சு நானும் சும்மா இருந்திருப்பேன்."

அன்றிலிருந்து தூங்கினாலும் எழுப்பி எழுப்பிப் புகட்டினாள். பொன்னுவின் கலயத்தில் நாளுக்கு எட்டுக் கொட்டை கூடின. அடுத்த வெள்ளிக்கிழமை பாத்திமாக்காவே துணியை உதறிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் விரித்தார். இரண்டு பலம். தம்பி உண்மையாகவே ஏறிய இரண்டு பலம்! அன்றைக்கு யாரும் கற்கண்டு கொடுக்கவில்லை. அம்மா மட்டும் தட்டில் வைத்த சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

தம்பி இப்போது தளவாய்புரத்தில் வாத்தியார். எங்கள் வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் நுழைகிறான்.

காலேஜில் பவுண்டு, அவுன்ஸ் வாய்ப்பாடெல்லாம் ஒப்பித்தேன், உங்களுக்குத் தெரியாததா. அதில் எதுவும் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை என்றால், அதற்குக் காரணம் அம்மாதான். பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஒருத்தி, அந்தப் பயத்தை எங்களுக்குப் பாடமாக்கியிருக்கிறாள். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

இப்போது ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் முள் சுழலும் தராசு வந்திருக்கிறது. நர்ஸம்மா இவனை வைக்கிறார், எடுக்கிறார். "ஒன்பது பவுண்டு, போங்கம்மா." அவ்வளவுதான். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு, போதுமா போதாதா என்று தனியாகவே யோசித்தபடி வண்டியில் திரும்புகிறேன். அன்று எங்கள் வீட்டில் கவலைப்பட்ட எல்லோருக்கும் ஆளுக்கொரு வேலை இருந்தது...

நேற்று என் மூத்தவள், நான்கு வயதுக்காரி, கேட்டாள். "பாப்பா எம்புட்டும்மா கனம்?"

ஒன்பது பவுண்டு என்றேன். விழித்தாள். சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, அவள் மடியில் இவனை வைத்தேன்.

அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எம்மா, கால் வலிக்கு... எடுத்துக்கோ" என்றாள்.

மூன்று வாரத்தில் முதல்முறையாக எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.