கேபிளை நிறுத்திய முதல் நாள்

ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டுக் கேபிளை இன்று காலை நிறுத்திவிட்டேன். இனி எல்லாம் நெட்டில்தான்.

பெட்டியைக் கழற்ற வந்தவர் செல்வம் அண்ணன். இருபது வருடமாக எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவர். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் புது ரூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வாரேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அம்மா நாடகம் பார்க்க உட்கார்ந்தார். 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டது டிவி.

"ஏலே, நான்தான் பாக்குறேன்னு சொல்லு."

சொல்வதற்குள் நெட் போய்விட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது ஒரு பதிவுக் குரல். அரை மணி நேரம் அழுத்தி அலுத்துப்போனேன்.

வெட்கத்தை விட்டு செல்வம் அண்ணனையே கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் வண்டியில் வந்தார்.

"வயரு நழுவியிருக்கு தம்பி" என்று சொருகிவிட்டார். அம்மாவின் நாடகத்தையும் அவரே தேடிப் போட்டார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எங்க வீட்லயும் இதுதான். பிள்ளைக கேபிள் வேணாம்னுட்டாக."

அம்மா நாடகத்தை விட்டு எழுந்து அவருக்குக் காப்பி போடப் போனார்.

நாளைக்கும் நெட் நின்றால் எந்த முகத்தோடு அவரைக் கூப்பிடுவது? நீங்களெல்லாம் யாரைக் கூப்பிடுகிறீர்கள்?