கிரேனுக்கும் ஆபத்துக்கும் கோடு போட்ட நாட்கள்

பரீட்சை அறைப் பொறுப்பாளனுக்கு எழுதுகிறவர்களின் ஏச்சும் கிடைக்கும், நடத்துகிறவர்களின் ஏச்சும் கிடைக்கும். அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். முதலில், துறைமுகத்தில் சங்கம் கட்டியதற்காக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்து, வழக்கில் ஜெயித்து வந்தவனைக் கப்பல் பக்கமே விடாமல் குடோனில் போட்டார்கள். அதற்கும் அடுத்து, துண்டுப் பிரசுரம் படித்தே அறிவு பெற்ற என்னை, ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி மையத்தின் கம்ப்யூட்டர் அறைக்குக் காவல் வைத்தார்கள். கடைசி அநியாயம், அந்த அறை எனக்குப் பிடித்துப்போனது.

பெட்டியும் கோடும்

அங்கே கேள்வித்தாள் கிடையாது. திரையில் கிரேன், கயிறு, பாரம், ஆபத்து என்று பெட்டிகள் கிடக்கும். எதற்கும் எதற்கும் சம்பந்தம் உண்டோ அவற்றுக்கிடையே கோடு இழுத்து, என்ன சம்பந்தம் என்று கோட்டின் மேல் எழுத வேண்டும். கருத்து வரைபடம் என்று பேர். நிபுணர் போட்ட வரைபடம் ஒன்று உள்ளே இருக்கும். அதோடு ஒப்பிட்டுக் கம்ப்யூட்டரே மார்க் போடும். தேறினால்தான் துறைமுகத்துக்குள் போக பாஸ். மூன்று முறை தவறினால் அவ்வளவுதான்.

சுமை தூக்கும் அந்தோணி அண்ணாச்சி எல்லாப் பெட்டியிலிருந்தும் 'மேஸ்திரி' பெட்டிக்கே கோடு இழுத்து, 'காரணம்' என்று எழுதிவைத்தார். பூஜ்யம். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"பின்ன யாருவே காரணம்? அந்தக் கம்ப்யூட்டர ஒரு நாள் அவங்கிட்ட வேல பாக்கச் சொல்லும், தெரியும்!"

ஒற்றுமை

சரக்குக் கணக்கெடுக்கும் வேலைக்காகத் திரேஸ்புரத்திலிருந்து ரோஸ்லின் வந்தாள். கடலுக்குப் போன புருஷன் காலொடிந்து வீட்டில் கிடந்தான். பாஸ் கிடைத்தால்தான் அடுப்பு எரியும். ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள்.

அந்தத் தடவை எல்லாரும் டீக்கடையில் கூடி, ஒரே வரைபடத்தைப் போடுவது என்று முடிவெடுத்தார்கள். தேறினால் எல்லாரும், இல்லாவிட்டால் யாருமில்லை, சங்கத்துப் பழக்கம். கோடு பிசகாமல் போட்டார்கள். கம்ப்யூட்டர் மொத்தப் பேரையும் தள்ளிவிட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, இன்னும் ஒரே வாய்ப்புதான் மிச்சம் என்று ரோஸ்லினுக்குக் கண் கலங்கியது. மையத்து அதிகாரி, சின்ன வயசுக்காரர், கையை விரித்தார்.

"ஒத்துமைன்னா சிஸ்டத்துக்குத் தெரியாது அண்ணாச்சி, காப்பின்னுதான் சொல்லும்."

வாசலில்

விடுவேனா? துண்டறிக்கை அடித்தேன். கோரிக்கை இரண்டு: அந்தத் தோல்வியை ரத்து செய், இனி முடிவை இயந்திரத்தோடு விடாமல் சாட்சிகள் முன் உரக்க வாசி. இரண்டாவதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். முதலாவதும் கிடைக்கும்வரை ஒருவரும் பரீட்சைக்குப் போவதில்லை என்று வாசலில் உட்கார்ந்தோம். அறைக்குக் காவல் வைக்கப்பட்டவனே வாசலை மறித்த பரீட்சை அது ஒன்றுதான் இருக்கும்.

ரோஸ்லின் வந்து என் முன்னால் நின்றாள். "கருங்காலி" என்று பின்னால் ஒருவன் முனகினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கால மடக்குங்க அண்ணாச்சி. நீங்க ஜெயிச்சா எனக்கும் சந்தோசந்தான். அதுவரைக்கும் எம்புள்ள பசிக்காம இருக்குமா?"

சாட்சிகள்

மடக்கினேன். அவள் தனியாக உட்கார்ந்து, இழுத்தும் அழித்தும் தன் வரைபடத்தைப் போட்டு முடித்தாள். திரையில் மார்க் வந்தது. வாசிக்கச் சாட்சி வேண்டுமே. வாசலில் இருந்தவர்களை விட்டால் யார்? அந்தோணி அண்ணாச்சியையும் அந்த முனகினவனையும் உள்ளே கூப்பிட்டேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சத்தமா வாசியும்வே. நாம கேட்டு வாங்குனதுதான!"

ஓய்வுபெற்ற பிறகும் துறைமுகத்துச் சங்கு ஊதினால் அந்த அறைதான் கண்ணில் நிற்கிறது: ஆயுசு முழுக்கக் கோஷம் போட்டு வளர்த்த தொண்டையை, என் மறியலை மீறிப் போனவளுக்காகவே முழுசாகத் திறந்தேன், "திரேஸ்புரம் ரோஸ்லின் மேரி, தேர்ச்சி!"