காற்றுக்கு எதிரே வந்த வள்ளம்

கலியாணமாகி நாலு மாதம். மனைவி தலைமன்னார்க்காரி, கடல்தொழில் குடும்பம். நான் அடம்பனில் வயல் செய்கிறவர் வீட்டுப் பிள்ளை. வள்ளத்தில் கால் வைத்தாலே தலை சுற்றும். அதைச் சொல்லி அவள் சிரிக்காத நாளில்லை. படங்களைப் பற்றிப் பேசுவதிலாவது நான் கெட்டிக்காரன் என்று அவள் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அப்போது என் பெரிய ஆசை.

எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு படம் போட்டுப் பேசுவோம். அந்த மாதம் பேய்ப்படம். ஒரு காட்சியை விளக்கும் பொறுப்பு எனக்கு. டிவிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவளைப் பக்கத்தில் இருத்திக் காட்சியை ஓடவிட்டேன். சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. கரையில் தென்னைகள் ஆடுகின்றன. ஆளில்லாத வள்ளம் ஒன்று மெல்லக் கரைக்கு வருகிறது. இசையே இல்லை.

"வெறும் வள்ளம் எண்டது உயிர் போன உடம்பு. பொழுதுபடுறது சாவு. விளங்குதே?" என்றேன், வாத்தியார் குரலில்.

"அது கிடக்கட்டும். தென்னோலை எந்தப் பக்கம் பறக்குது, பாருங்கோ. காத்து கரையிலயிருந்து கடலுக்குப் போகுது. பாயுமில்லை, எஞ்சினுமில்லை. பிறகு எப்பிடி வள்ளம் கரைக்கு வரும்? ஏதோ இழுக்குது."

சொன்னவளின் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. எனக்கும்தான். நாலு தரம் பார்த்த காட்சிக்கு அன்றுதான் பயந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபம் நிறைந்துவிட்டது. உயிர், உடம்பு, சாவு எல்லாம் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். உடனே அந்தக் காற்றுக் கதையை எடுத்துவிட்டேன். கடலுக்குப் போகிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓம், ஓம், அதுதானே!" என்றார்கள். கைதட்டல் வேறு. அது யாருடைய கண்டுபிடிப்பு என்று மட்டும் நான் சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கைதட்டல் இனித்தது.

கடைசி வரிசை வாங்கில் ஒரு கை உயர்ந்தது. என் மனைவி.

"சேர், ஒரு கேள்வி. அந்தக் காத்துக்கு என்ன பேர்?"

அவள் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது.

"தெரியாது," என்றேன். "காத்தைக் கண்டுபிடிச்சதும் நானில்லை, என்ர மனிசி. அவவையே கேளுங்கோ."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவள் எழுந்து நின்று, "பொழுது கடலுக்குள்ள விழுகுது, அப்ப கரை கிழக்கு. கிழக்கால வாற காத்து கொண்டல்," என்றாள். அவளுக்குக் கிடைத்த கைதட்டல் என்னுடையதைவிடப் பெரிது.

வீட்டுக்குப் போகும்போது எதிர்க்காற்று. சைக்கிளில் பின்னால் இருந்தவளிடம், "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"கச்சான். மெல்ல மிதியுங்கோ, கெட்டிக்காரர்."

அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டது அன்றுதான். வீடு வரும்வரை நான் மெல்ல மிதிக்கவேயில்லை.