போர்வை இல்லாத கிழவி

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். கனடாவுக்கு வந்த புதிதில் பனியைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு அதிசயப்படவில்லை. சர்ச் ஹாலில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் பெண்கள், கடையில் வாங்கிய புத்தம்புதுத் துணியைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, அந்தத் துண்டுகளையே திரும்பவும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். க்வில்ட் என்றார்கள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்தால் உள்ளங்கை அகலம்தான் முடிந்திருக்கும். இவர்களுக்கு வீட்டில் வேலையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஊசியைக் கையில் வாங்கினேன்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் நல்ல துணியில் யாரும் கத்தரி வைக்க மாட்டார்கள். சேலை நைந்தால் தொட்டில். தொட்டில் நைந்தால் நாலைந்தாக அடுக்கித் தைத்த விரிப்பு. அதுவும் நைந்தால் அடுப்படியில் சட்டி இறக்கும் துணி. பருத்தி எடுப்பு ஓய்ந்த நாட்களில், நீளநீளமாகத் தையல் ஓட்டினால் ரெண்டு பொழுதில் ஒரு விரிப்பு முடிந்துவிடும். பிறந்த குழந்தையின் மேல் முதலில் படுவதும் பழந்துணிதான். அது யாருடைய சேலை என்பது முக்கியம். நிறையப் பெற்று, அத்தனையும் நிலைக்க வளர்த்தவளின் சேலையாக இருக்க வேண்டும். ஆனால் பிள்ளை பூமிக்கு வரும்வரை அதற்குத்தான் தைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, தைத்து முடித்துவிடவும் கூடாது. தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் ஆசையாகச் சின்னச் சட்டை ஒன்று தைத்தேன். என் அம்மா ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். "வராத விருந்தாளிக்கு எலையப் போட்டு ஈ ஓட்டுவியாடி?" ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். இந்த விஷயத்தில் மட்டும் பாதிரியார் பேச்சு எங்களிடம் எடுபடாது.

என் மருமகள் எஸ்தர் பாலவனத்தத்துக்காரி. இரண்டு முறை உண்டாகித் தங்காமல் போய், மூன்றாவது முறை உண்டானபோதுதான் மகன் டிக்கெட் எடுத்து என்னை வரவழைத்தான். பெட்டி நிறைய நான் கொண்டுவந்தது என் பழஞ்சேலைகள். அருப்புக்கோட்டைத் தறியில் நெய்தவை, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனவை. அவற்றை ஹாலுக்குக் கொண்டுபோய் அடுக்கித் தைக்க ஆரம்பித்தேன். நான் கேலி செய்த அந்தப் பெண்களின் நிதானம் அப்போது எனக்குத் தோதாகிவிட்டது. முடிக்கக் கூடாத வேலைக்கு அதைவிடப் பொருத்தமான வேகம் ஏது? குருதவாலி அரிசி அளவுக்குப் பொடித் தையல் போடப் பழகினேன். கை முந்திக்கொண்டு ஓடினால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தேன்.

பக்கத்து நாற்காலியில் டோரத்தி. கோதுமைப் பண்ணைக்காரி, என் வயதுதான் இருக்கும். ஒருநாள் என் சேலைக் கிழிசலைத் தடவிப் பார்த்து, "யாருக்கு இது?" என்று இங்கிலீஷில் கேட்டாள். கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. பதில்தான் சொல்லக் கூடாதது. நெஞ்சைத் தொட்டு, "மீ" என்றேன். அவள் முகம் வாடிப்போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் வாசலில் கார் நிறையப் போர்வைகள் வந்து இறங்கின. கம்பளியில், பஞ்சு வைத்ததில், புதிது, பழையது என்று கூடத்தில் நடக்க வழியில்லை.

"குளிருக்குப் போர்வ குடுக்காத மகன்னு என்னைய ஆக்கிப்புட்டீகளேம்மா!" என்று மகன் தலையில் கைவைத்தான்.

"அத்தை, யாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருவோம். வெளிய தலகாட்ட வெக்கமா இருக்கு" என்றாள் எஸ்தர்.

"நீ மட்டும் வாயத் தொறந்தே, நான் பஸ்ஸேறி ஊருக்குப் போயிருவேன்."

"கனடாவுல இருந்து பஸ்ஸா அத்தை?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்த வருஷங்களில்கூட நான் யாரிடமும் ஒரு படி கம்பு கேட்டு நின்றவள் இல்லை. அப்படிப்பட்டவள் அந்தப் பனிக்காலம் முழுக்க, 'பாவம் கிழவி' என்ற பார்வையை வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ, தேங்க் யூ" என்று தலையாட்டினேன். உள்ளே கொதிக்கும். ஊசியை எடுத்து ஒரு குத்துக் குத்துவேன், துணியில்தான். எஸ்தர் வயிற்றில் இருப்பது தங்க வேண்டும். என் கௌரவம் அதுவரைக்கும் ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பனி உருகும் நாளில் ரூபி பிறந்தாள். அன்றைக்கே என் விரிப்பின் நாலாவது ஓரத்தை மடித்துத் தைத்து முடித்தேன். ஞானஸ்நானத்தன்று அவளை அதில் சுற்றி, அந்தப் பெண்கள் நடுவில் கொண்டுபோய் நின்றேன். எஸ்தர் எல்லாவற்றையும் விளக்கினாள், என் ஏழு பிள்ளைகளையும் சேர்த்து. வாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த டோரத்தி, பிறகு சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. போர்வைகளைத் திருப்பித் தருகிறேன் என்றேன், வாங்க மாட்டேன் என்றாள். எஸ்தரிடம் மட்டும் ஏதோ கேட்டாள்.

"அத்தை, இவுக ஒம்போது பிள்ளைகள வளத்தாகளாம். இவுக பழைய கவுனுல ஒரு துண்டு வச்சுத் தைக்கலாமான்னு கேக்காக."

"ஒம்போதா? நல்லாக் கேளு."

ஒன்பதுதான். வழக்கத்தை வைத்துப் பார்த்தால் என்னைவிட அவளுக்குத்தான் உரிமை அதிகம், எப்படி மறுப்பது? ஒரு முனையில் இடம் கொடுத்தேன். ஒரே ஒரு முனைதான்.

அந்தப் போர்வை போன வருஷம் ரூபியோடு அருப்புக்கோட்டைக்கும் போய், கரிசல் மண்ணைப் பூசிக்கொண்டு வந்தது. எங்கே கிழிந்தாலும் நானும் டோரத்தியும் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். தூங்கும்போது ஒருநாள் என் சேலை முனை ரூபியின் கன்னத்தில் இருக்கும், மறுநாள் அந்தக் கவுன் முனை இருக்கும். இன்றைக்கு எது என்று பார்த்துவிட்டுத்தான் நானும் படுக்கப் போகிறேன்.

இது நான் ஞாயிறு பள்ளியில் கற்ற எழுத்து, பிழை இருக்கும். டோரத்தி டீ குடிக்க வந்து எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ரூபி கண்ணு, இங்கே வா. அப்பத்தா எழுதியதை முதலிலிருந்து வாசி. ஏழு என்று வரும் இடத்தைச் சத்தமாக வாசி. ஒன்பதை மெதுவாக வாசித்தால் போதும்.