நெத்திலி சம்பலும் அணுவுலை மாத்திரையும்

என் மனைவிக்குத் தைராய்டு புற்றுநோய். கட்டியை அறுத்தெடுத்த பிறகு, மிச்சம் மீதியைக் கொல்லக் கதிரியக்க அயோடின் மாத்திரை ஒன்று விழுங்க வேண்டும் என்றார்கள். அது எங்கள் ஊர் ஈப்போவில் மருந்துக்கடையில் கிடைக்கும் சரக்கில்லை. எங்கோ வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சி அணுவுலையில் உண்டாக்கி, ஈயப் பெட்டிக்குள் மூடி, விமானத்தில் அனுப்புகிறார்கள். எட்டு நாளில் பாதி வீரியம் போய்விடும். அதனால் ஆளையும் நாளையும் முன்பே குறித்துத்தான் வரவழைப்பார்கள்.

அதற்கு முன் இரண்டு வாரம் பத்தியம். கடல் மீன், கருவாடு, முட்டை, பால், அயோடின் உப்பு எதுவும் கூடாது. உடம்பு அயோடினுக்கு ஏங்கிக் கிடந்தால்தான் மருந்து போய்ப் பிடிக்குமாம். பதினோரு நாள் அந்தச் சப்பென்ற சோற்றை அவள் முணுமுணுக்காமல் தின்றாள்.

பன்னிரண்டாம் நாள் கடலோரப் பாகான் டத்தோவிலிருந்து என் அக்கா சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் ஆட்களுக்கு நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரத் தெரியாது. ஊட்டாமல் திரும்பவும் தெரியாது. டப்பா நிறைய நெத்திலி சம்பல், மிளகாய் விழுதில் வதக்கிய நெத்திலிக் கருவாடு.

"நாக்கு செத்துக் கெடக்கா பாரு. கொஞ்சம் சாப்பிடட்டும்லா, என்ன ஆயிடப் போவுது?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். அவள் சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார், "பத்தியம் ஒழுங்கா இருந்தீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சுத்தமா இருந்தாங்க டாக்டர்."

வந்த மருந்து வீணாகுமே என்று பயந்ததாகப் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். அது பச்சைப் பொய். என் அக்காவைக் குறை சொல்ல எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

மாத்திரையை விழுங்கிவிட்டு மூன்று நாள் தனியறையில் ஒற்றையாகக் கிடந்தாள். அடுத்த வார ஸ்கேனில் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. மறுபடியும் விழுங்க வேண்டும். சில மாதம் கழித்துத் தேதி கேட்டால், அந்த அணுவுலையைப் பராமரிப்புக்கு மூடிவிட்டார்களாம். காத்திருந்த நாளில் கழுத்தில் இன்னொரு கட்டி எழும்பியது. தினமும் அதைத் தடவிப் பார்ப்பாள். என் முன்னாலேயே தடவுவாள்.

ஒருவழியாகத் தேதி கிடைத்தது. அக்கா போன் செய்தபோது மனைவியே எடுத்து, "வர வேணாம்க்கா" என்று வைத்துவிட்டாள். இரண்டு வாரம் தனக்குத் தானே சமைத்துக்கொண்டாள்.

டாக்டர் அறை வாசலில் என்னை நிறுத்தினாள்.

"நீங்க இங்கயே ஒக்காருங்க. கேட்டா நானே சொல்லிக்கிறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்தேன்.