சீட்டில் எழுதிய பெயர்

“ஷர்லிக்கா, ஒங்க அம்மாவுக்கு ஆபரேஷனாமே?”

பள்ளி வேனின் கதவைச் சாத்திக்கொண்டே பிரசாந்த் கேட்டான். மஸ்கட் வெயிலில் நின்றுகொண்டிருந்த ஷர்லி வெடுக்கென்று அவன் பக்கம் திரும்பினாள். அவள் அந்தப் பள்ளியில் டீச்சர், அவன் டிரைவர். இருவருக்கும் சொந்த ஊர் கீரமங்கலம் பக்கம். ஊரிலிருக்கும் அவன் மனைவி அன்புமொழிதான் போனில் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஜெப விண்ணப்பச் சீட்டுகளை மைக்கில் வாசித்தாராம். ‘சகோதரி சந்தனம், வயிற்றில் கட்டி, அறுவை சிகிச்சை.’ சபை முழுக்க எழுந்து நின்று ஜெபித்ததாம்.

“ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சுல்லக்கா கேட்டேன்” என்று அவன் தலையைச் சொறிந்தான்.

தெரியாது. பயமே அதுதான். மூன்று வருடத்துக்கு முன் அப்பா படுக்கையில் கிடந்தபோதும் அம்மா போனில், “வெறும் வாயுத் தொல்லைத்தா, நீ அங்க நிம்மதியா இரு” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஷர்லி விமானம் ஏறியது அடக்கத்துக்குத்தான்.

அம்மா சந்தனத்துக்கு அறுபத்திரண்டு வயது. முக்கால் ஏக்கர் மல்லிகைக் கொல்லை. விடிவதற்கு முன் பூப்பறிக்க இறங்கினால் வாய் தானாக ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிடும். செடிக்கு ஒன்று. மழை பெய்தாலும் ஸ்தோத்திரம், பெய்யாவிட்டாலும் ஸ்தோத்திரம், பூச்சி விழுந்த மொட்டைக் கிள்ளி எறியும்போதும் ஸ்தோத்திரம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தாயின் கொல்லை. ஏதோ வரப்புச் சண்டையை மனதில் வைத்து, அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிப் போன அன்று தன் கொல்லை வழியை முள் வெட்டிப் போட்டு அடைத்தவள். பெட்டி வாய்க்காலைச் சுற்றித்தான் கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்ந்தது. ஷர்லி அந்த முள்ளை மறக்கவில்லை. அம்மாவோ மறுவாரமே வேலியோரம் நின்று, “சாப்ட்டியா பொன்னுத்தாயி?” என்று கேட்டாள். பதில் இல்லை. தினமும் கேட்டாள். பதினோரு மாதம் கழித்து அங்கிட்டிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வந்ததாம். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்.

இப்போதெல்லாம் பொன்னுத்தாய் வேலிக்கு மேலாகக் கிண்டல் செய்யும் அளவுக்கு வந்துவிட்டாள். “ஏக்கா, ஒங்க சாமிக்குக் காது மந்தமா? ஒரு தடவ சொன்னாப் பத்தாதா?”

“அவருக்கு நல்லாத்தான் கேக்குது. எனக்குத்தான் மறந்து மறந்து போவுது.”

ஷர்லி நாலாவது தடவை அடித்தபோது அம்மா போனை எடுத்தாள். பின்னால் யாரோ டோக்கன் நம்பரைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கம்மா இருக்கே?”

“புதுக்கோட்டையில, ஆஸ்பத்திரியிலத்தா. ஏன் கத்துறே?”

“அப்ப நெசந்தானா? ஒனக்குக் கட்டியா?”

“எனக்கில்ல. பொன்னுத்தாயிக்கு.”

“ஸ்தோத்திரம்!”

ஷர்லியின் வாயிலிருந்து அது குதித்தே விட்டது. அம்மா மெதுவாகக் கேட்டாள். “இப்ப எதுக்குத்தா அந்த ஸ்தோத்திரம்?”

ஷர்லிக்கு முகம் சுட்டது. பேச்சை மாற்றினாள். “அப்புறம் எதுக்குச் சீட்டுல ஒம்பேரு?”

“அவ மகளுக்குத் தையில கல்யாணம். மாப்பிள்ள வீடு திருவரங்குளம். கட்டின்னு காதுல விழுந்தா பரம்பர வியாதின்னு பின்வாங்கிருவாங்கன்னு கெடந்து அழுவுறா. பேரில்லாமச் சீட்டு எழுதுனா பாஸ்டர் யாரு யாருன்னு கேப்பாரு. அதான் எம்பேரப் போட்டேன். யாருக்குன்னு கர்த்தருக்குத் தெரியாதா?”

“கர்த்தருக்குத் தெரியும். அன்புமொழிக்குத் தெரியலையே! கடல் தாண்டி வந்துருச்சு.”

“அந்தப் புள்ளைக்கு மைக்கே வேணாம்” என்று அம்மா சிரித்தாள்.

“பொன்னுத்தாயிகிட்ட போனக் குடு. ஒரு வார்த்த பேசிக்கிறேன்.”

“ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆபரேஷன். முடிஞ்சதும் நானே கூப்புடுறேன். வைக்கிறேன்த்தா.”

வைத்துவிட்டாள். அப்பாவுக்கு வாயுத் தொல்லை என்று சொன்னதும் இதே குரல்தான், இதே சிரிப்புத்தான்.

மறுநாள் ஷர்லி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தாள். மஸ்கட்டில் ஒன்பதரை என்றால் ஊரில் பதினொன்று. அம்மாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. இவள் இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. ஜெபம் பண்ணலாமென்று கண்ணை மூடினால், ‘கட்டி பொன்னுத்தாய்க்கே இருக்கட்டும் ஆண்டவரே’ என்பதுதான் நாக்கின் நுனியில் வந்து நின்றது. பயந்து கண்ணைத் திறந்துவிட்டாள். இப்படிக் கேட்கிறவளுக்காகவா அம்மா பதினோரு மாதம் வேலியோரம் நின்று காட்டினாள்?

வெள்ளிக்கிழமைகளில் கூடும் மஸ்கட் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். ‘ஜெபிக்கவும். வயிற்றில் கட்டி. இன்று அறுவை சிகிச்சை’ என்று தட்டினாள். பெயர் வேண்டுமே. அம்மா பெயரைப் போடக் கை வரவில்லை. போட்டால் அதுவே உண்மையாகிவிடும் போலிருந்தது. பொன்னுத்தாய் என்று போட்டால் குழுவிலிருக்கும் பிரசாந்த் பார்ப்பான், அன்புமொழிக்குப் போகும், சாயங்காலத்துக்குள் திருவரங்குளம் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்குக் கட்டியோ அவள் பிழைத்து எழுந்தால் போதும், அவள் பொன்னுத்தாயாக இருந்தாலும் சரி. அந்த நினைப்பு வந்த கையோடு, ‘ஷர்லி’ என்று தட்டி அனுப்பினாள்.

இரண்டு நிமிடம் ஆகவில்லை, பிரசாந்த் கூப்பிட்டான். கட் பண்ணினாள். அப்போதுதான் உறைத்தது. இந்நேரம் அன்புமொழிக்குப் போயிருக்கும். அங்கிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு எத்தனை நேரமாகும்? அம்மா காதில் விழுவதற்கு முன், தனக்கு ஒன்றுமில்லையென்று தானே சொல்லியாக வேண்டும். மறுபடி அம்மாவுக்கு அடித்தாள்.

மணி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒன்றாக, பூப்பறிக்கிற அம்மாவைப் போல, அவள் உதடு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் எடுக்கவில்லை.