ஓரடி முன்னால்

பர்மா சண்டை முடிந்த மறு வருஷச் சாரலில், குற்றாலம் பெரிய அருவிக்கரையில் நான் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஆய்க்குடியிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் தினமும் வருவார். வாட்டசாட்டமான ஆள். முதுகு மட்டும் என் கைக்குப் பலகையாக இறுகிக் கிடக்கும். தேய்த்து முடித்ததும் அருவிக்குப் போகாமல், தள்ளிப்போய் வாய்க்காலில் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

புத்தி கலங்கியவர்களை அருவிக்குள் தள்ளி நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பர்மாவிலிருந்து திரும்பிய இவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைத்து, அதை நம்பித்தான் ஒருநாள் அவர் கையைப் பிடித்து அருவிக்கு இழுத்தேன். பாதி வழியில் காதைப் பொத்திக்கொண்டு பாறையில் குப்புற விழுந்துவிட்டார்.

எழுந்து உட்கார்ந்து, “இழுக்காதீய அண்ணாச்சி. இந்த இரைச்சல் எனக்குக் குண்டு விழுத மாதிரி கேக்கு. நானா வருதேன்,” என்றார்.

மறுநாளிலிருந்து எண்ணெய் உடம்போடு அருவியைப் பார்த்து நிற்க ஆரம்பித்தார். முந்தின நாள் நின்ற இடத்துக்கு ஓரடி முன்னால். காதைப் பொத்திக்கொள்வார், ஆனால் பின்வாங்கமாட்டார்.

ஆடி முடிவதற்குள் ஒரு காலையில் உள்ளேயே போய்விட்டார். “அண்ணாச்சி, உள்ள வந்தா வெறும் தண்ணிதான்!” என்று அவர் கத்தியது அத்தனை இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

வெளியே வரவே இல்லை. காத்திருந்தவர்கள் பொறுமை இழந்து, “ஓய், அருவி ஒமக்கு மட்டுமா விழுது? வெளிய வாரும்வே!” என்று சத்தம் போட்டார்கள்.

எண்ணெய்க் கிண்ணத்தோடு போய்க் குறுக்கே நின்றேன்.

“ஆமாவே, இன்னைக்கு அவருக்கு மட்டுந்தான் விழுது.”